புகார்ப் பெட்டியும் பதினோரு பசுக்களும்

ஜூன் 9, செவ்வாய். புகார்ப் பெட்டியை வெள்ளிக்கிழமையே திறந்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். தவறு என்னுடையது.

சுற்றுலா அலுவலகக் குறிப்பேட்டில் இதை எழுதிவிட்டு, அங்கே வேலை பார்க்கும் கோரின், பெட்டியில் கிடந்த மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றும் ஆங்கிலத்தில் இருந்தன. மாட்டு மணிச் சத்தம் காதைத் துளைக்கிறது. பனியாறு அழுக்காக இருக்கிறது. ஏரித் தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்கிறது.

பனி உருகி வந்த தண்ணீர் வேறு எப்படி இருக்கும் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். அவளுடைய வேலை நிரந்தரமாவது ஊராட்சித் தலைவர் சும்ப்ரூன் நாளை போடவேண்டிய கையெழுத்தில் இருந்தது.

தலைவர் கடிதங்களைப் படிக்கவில்லை, எண்ணினார்.

"மூணு. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது தீரணும் கோரின். இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

ஏரியைச் சூடாக்க வழியில்லை. பனியாற்றைக் கழுவ ஆளில்லை. மிஞ்சியது மணி.

"கழட்டணுமா?" என்றார் மாட்டுக்காரர் கில்கன். "அடுத்து மலையைத் தள்ளி வைக்கச் சொல்லுவாங்க, நிழல் விழுதுன்னு."

"என் வேலை போயிடும், கில்கன்."

"போனா போகட்டுமே. இதெல்லாம் ஒரு வேலையா?"

முனகிக்கொண்டே பதினோரு மணிகளுக்குள்ளும் வைக்கோலைத் திணித்தார்.

மதியம் ஒரு பேருந்து நிறைய ஆட்கள் இறங்கினார்கள். கைபேசியை மாட்டு முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு சத்தமும் வரவில்லை என்று குறைப்பட்டார்கள். தலைவர் தொலைபேசியில் சீறினார்.

"ஊமை மாட்டப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்னு கேக்குறாங்க. ஏதாவது பண்ணு."

போன வருடத் திருவிழாவில் பதிவு செய்த மணியோசை இருந்தது. கோரின் அதைப் படகுத்துறை ஒலிபெருக்கியில் மெதுவாக ஓடவிட்டாள்.

மணி கேட்கும் இடத்தில்தான் மந்தை இருக்கும் என்பது மாட்டின் நம்பிக்கை. பதினொன்றும் வேலியைச் சாய்த்துக்கொண்டு இறங்கி, ஓட்டல் வாசலில் இருந்த பூந்தொட்டிகளை மொட்டையடித்துவிட்டுப் படகுத்துறையை அடைத்து நின்றன. நான்கு மணிப் படகு கரையணைய முடியாமல் ஊதியது. பசுக்கள் அன்போடு பதில் சொல்லின. சுற்றுலாப் பயணிகள் சாணத்தைக்கூட விடாமல் படம் எடுத்தார்கள். பளபளக்கும் காலணியோடு ஓடிவந்த தலைவர் அதே சாணத்தில் சறுக்கினார்.

கோரின் ஒலிபெருக்கியை நிறுத்தினாள். மந்தைக்குப் பின்னாலேயே ஓடிவந்த கில்கன் முன்னணிப் பசுவின் மணியிலிருந்து வைக்கோலைப் பிடுங்கினார். ஊரே அதிரும்படி மணியடித்துக்கொண்டு மந்தை மேட்டுக்குத் திரும்பியது.

தலைவர் காலணியைப் புல்லில் தேய்த்தார்.

"வந்த நாள்லேருந்து உனக்குப் பாராட்டுன்னு ஒரு கடிதம் வந்திருக்கா? நாளைக்குப் பத்து மணிக்குப் பெட்டியத் திறப்பேன். ஒண்ணு இருந்தாலும் கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா மூட்டையக் கட்டு."

அவர் போனதும் படகு கரையணைந்தது. சீட்டுப் பரிசோதிக்கும் பிரிஸ்கா இறங்கி வந்தாள். அக்கரைக்காரி. வாரம் ஒருமுறை அலுவலக மாடியில் நடக்கும் ஆங்கில மாலை வகுப்புக்காக இந்தக் கரையில் இறங்குவாள். கோரினின் கையிலிருந்த கடிதங்களை எட்டிப் பார்த்தாள்.

"இது உன்கிட்டயா இருக்கு? போன வாரம் வாத்தியாருக்குக் காய்ச்சல், வீட்டுப்பாடத்தக் கீழ இருக்குற பெட்டியில போட்டுட்டுப் போனோம். புகார்க் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார். நாளைக்குக் காலையில நன்றிக் கடிதம் குடுக்கணும், அதையும் அதே பெட்டியிலயே போட்டுடட்டுமா?"