மச்சினன் மெஷினும் என் குண்டானும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பொறாமையில் மட்டும் மேல்படிப்பு முடித்திருக்கிறேன். திருப்பூர், சூரத், மஸ்கட் என்று எங்கேயும் நிலைக்காமல் சுற்றியிருக்கிறேன். லாரிக்கு அடியில் படுத்திருக்கிறேன், ஒரு வேளைச் சாப்பாட்டில் நாட்களை ஓட்டியிருக்கிறேன். அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. காரைக்காலுக்குத் திரும்பி, படகு என்ஜின் பட்டறை போட்டு உட்கார்ந்த பிறகு, என் மனைவியின் தம்பி குமரேசன் அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கினான். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குமரேசனுக்கும் அதே ஊரில், கோவில்பத்தில், படகு என்ஜின் பட்டறை. டிப்ளமா படித்தவன். அந்த மெஷின் பார்க்க மூடி போட்ட எவர்சில்வர் தொட்டிதான். சோப்புத் தண்ணீர் ஊற்றி, கார்புரேட்டரைப் போட்டு சுவிட்சைத் தட்டினால், காதுக்கு எட்டாத ஒலி தண்ணீரை உலுக்கும். ஊசி நுழையாத ஓட்டையிலிருந்தும் அழுக்கு புகைபோல வெளியே வரும். சிவப்பு எண்களில் நிமிடம் ஓடும். (அதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். என் பட்டறைக்கு வெயிலுக்கு ஒதுங்க நாய் வரும்.)

இது போதாதென்று என் மனைவி செல்வி, தையல் மிஷினின் பாபின் கேஸை அவனிடம் கொடுத்தனுப்பினாள்.

"ஏன், நான் துடைச்சுத் தர மாட்டேனா?"

"நீங்க துடைச்சா அதுல புதுசா கிரீஸ் ஏறுதுங்க."

எனக்கு மிச்சமிருந்த வாடிக்கை கருக்களாச்சேரி மீனவர் அஞ்சப்பன் அண்ணன் ஒருவர்தான். அவருடைய ஃபைபர் படகு என்ஜினை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. அவரே ஒருநாள், "உன் மச்சினன்கிட்ட ஏதோ மெஷின் இருக்காமே" என்றார். அவரும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"அதைவிடப் பெருசா நானே செய்றேன், கார்புரேட்டரைக் கழட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீரை உலுக்கும் வில்லையையும் அதை ஓட்டும் சர்க்யூட்டையும் ஆன்லைனில் வாங்கினேன். செல்வியின் எவர்சில்வர் சீர்க் குண்டானைக் கேட்காமல் எடுத்து, அதன் அடியில் வில்லையைப் பசையால் ஒட்டினேன். ஒரு நாள் காய வேண்டிய பசை. அரை மணி நேரம் கொடுத்தேன். குமரேசனுக்குச் சோப்புத் தண்ணீர் என்றால் எனக்கு அதைவிடக் காரமாக வேண்டாமா? மஸ்கட்டில் இரும்பு என்ஜின்களைக் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவுவோம். அதையே கலந்தேன். அஞ்சப்பன் அண்ணனின் கார்புரேட்டர் அலுமினியம் என்பதைப் பொறாமை மறைத்துவிட்டது.

உள்ளே போட்டதும் நுரை பொங்கியது.

"பாத்தீங்களாண்ணே? அவன் மெஷின்ல இவ்வளவு குமிழி வராது."

அவர் குனிந்து பார்த்தார். "தண்ணி கறுக்குதே."

"அழுக்குண்ணே. பத்து வருஷத்து அழுக்கு."

கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை குனிந்தார். "ஏம்ப்பா, இது வெளுக்குதா, கரையுதா?"

குண்டானைத் தூக்கினேன். வில்லை குண்டானோடு வரவில்லை. எப்போதோ கழன்று, மேஜைமேல் தனியாக ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. அப்படியானால் அவ்வளவு குமிழியும் காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றதால் வந்தது. இடுக்கியால் வெளியே எடுத்த கார்புரேட்டர், எலி கடித்த சோப்புக்கட்டி போல இருந்தது.

அஞ்சப்பன் அண்ணன் திட்டவில்லை. போனை எடுத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

குமரேசன் தன்னிடமிருந்த பழைய கார்புரேட்டர் ஒன்றை அந்த மெஷினில் கழுவி எடுத்துவந்து மாட்டினான். ஒரே இழுப்பில் என்ஜின் பிடித்தது.

"இரும்புன்னா நீங்க செஞ்சது சரிதான் மாமா" என்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அஞ்சப்பன் அண்ணன் அன்றோடு குமரேசன் பட்டறைக்கு மாறினார். அடுத்த மாதம் நானும் மாறினேன், சம்பளத்துக்கு.

வீட்டில் இப்போது நான் எதைச் செய்துவிட்டு நின்றாலும் இதே கேள்விதான். தலைக்கு மை அடித்தாலும், வெள்ளைச் சட்டை துவைத்தாலும், "வெளுக்குதா, கரையுதா?" என்கிறாள் செல்வி. விசேஷ வீடுகளில் முழுக்கதையையும் கேட்பார்கள். நான் சொன்னால் பாதியில் எழுந்து பந்திக்குப் போய்விடுகிறார்கள். குமரேசன் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மானம் போனது எனக்கு. அதையும் அவன்தான் என்னைவிட நன்றாகச் சொல்கிறான்.