தங்கத் தண்ணீரும் சிவப்பு ஆமையும்

சுவான்ஜோ சந்தைக் கடை

அன்பும் தொப்பையும் நாளுக்கு நாள் பெருகிவரும் தம்பி ஜியாஃபூவுக்கு, அக்கா மெய்ஜு எழுதுவது. நாங்கள் நலம். கடையும் பிழைத்துக்கொண்டது. உன் அத்தான் பிழைப்பாரா என்பது என் கோபம் ஆறுவதைப் பொறுத்தது.

நாளை விண்ணரசர் பிறந்தநாள். தெருவில் பாதி வீட்டுப் படையலுக்கு, ஆமை அச்சில் மாவை அழுத்தி நான் அவிக்கும் சிவப்பு ஆமைப் பலகாரம்தான். இந்த நேரம் பார்த்து உணவுச் சோதனைக்கு கோ என்று ஒரு கண்ணாடிக்காரர் வந்து நிற்கிறார். துணிச்சாயம் கலந்திருந்தால் உடனே கடைக்குப் பூட்டு. தட்டிலிருந்த பலகாரத்தைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சில் ஏதோ குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். தங்கத் தண்ணீராம்.

"தங்கம் மஞ்சளால்ல இருக்கும்? இது செவப்பா இருக்கே. அப்ப சாயம் போட்டது நீங்கதான்" என்றேன்.

"தங்கத்தை ரொம்பப் பொடியாக்கினா செவந்துடும்க்கா. சாயம் அதுல ஒட்டிக்கும். மேல வெளிச்சம் அடிச்சா, சாயத்தோட சின்ன முனகலைக்கூடத் தங்கம் பெரிசாக்கிக் காட்டிடும்."

"எங்க மாமியார் முனகலுக்கு அந்தச் செலவே வேண்டாம்."

சிரித்துக்கொண்டே விளக்கை அடித்தார். கருவியின் திரையில் கோடு மலைமலையாய் எழும்பியது. சிரிப்பு நின்றது. "துணிச்சாயம் இருக்குக்கா."

நான் போடுவது புளிக்கவைத்த சிவப்பரிசிப் பொடி மட்டும்தான் என்று உனக்கே தெரியும், மாவைப் பாருங்க, பொடியைப் பாருங்க, வேணும்னா என் நாக்கைப் பாருங்க என்று எல்லாவற்றையும் அவர்முன் கொட்டினேன், பொடியில் ஒன்றுமில்லை, அடுப்பில் வெந்துகொண்டிருந்ததிலும் ஒன்றுமில்லை, தட்டில் அடுக்கியதில் மட்டும் சாயம், அப்போதுதான் தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்பு அதிர்ஷ்டக் காகிதம் ஆவியில் நனைந்து சொட்டுவதை அவர் பார்த்தார், அதைத் துடைத்துச் சோதித்தால் கோடு கூரையை இடிக்கிறது.

"யாரு ஒட்டினது?"

"சோதனைக்கு வர்றாங்கன்னு சொன்னாங்க. கெட்டது அண்டக்கூடாதுன்னு நான்தான்..." என்றார் உன் அத்தான். விரலெல்லாம் சிவப்பு.

"சாயம் பலகாரத்துல இல்லண்ணே. ஒங்க அதிர்ஷ்டத்துல இருக்கு."

ஒரு தட்டு குப்பைக்குப் போனது. பூட்டு வரவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு விட்டேன், அப்பாடா என்றிருந்தது. செவப்பைக் குறை என்று நீ தொண்டை கிழியச் சொன்னாயே, ஒப்புக்கொள்கிறேன். திருவிழா முடிந்ததும் பலகாரம் வெளிர் நிறம்தான். மாதிரிக்கு நாலு செய்தும் வைத்துவிட்டேன்.

விண்ணரசர் உனக்கு நீண்ட ஆயுளும் சின்ன இடுப்பும் அருளட்டும். உன் மனைவிக்கு என் அன்பு, உன்னோடு குடித்தனம் நடத்துவதற்கு என் பாராட்டு.

அக்கா
மெய்ஜு

பி.கு.: உறையை ஒட்டும்போது அந்தக் கோ திரும்பி வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாளாம், பலகாரம் வேண்டுமாம். பெருமையாக வெளிர் நிறத்தை எடுத்துக் காட்டினேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்கிறார்: "பொறந்தநாளுக்குச் செவப்புதான் ராசின்னு அம்மா திட்டுவாங்கக்கா. இன்னும் கொஞ்சம் செவப்பா கெடைக்குமா?"