மீட்டரில் வைத்த குங்குமம்

கார் ஓட்டத் தெரியும் என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் தெரியும். (அந்தப் பாதிக்கு நான்தான் தலைவர்.)

ரேவதியைப் பெண் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் சம்மதம். அவள் அப்பா மட்டும், "யோசிச்சு சொல்றோம் தம்பி" என்று என்னைத் தொங்கலில் விட்டிருந்தார். அந்தச் சமயத்தில் அவர் புதுக் கார் வாங்கி, பூஜைக்கு என்னையும் கூப்பிட்டார். கோயில் வாசலில் பூஜை முடிந்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் சாவியை என்னிடம் நீட்டினார்.

"மலைய ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். ஓட்டுவீங்கல்ல?"

"சூப்பரா ஓட்டுவேங்க" என்றேன். (லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அது பர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது.)

"அறுவதத் தாண்டாதீங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ரேவதி பின்னால் ஏறினாள்.

எதிரே இரண்டு மீட்டர்கள். ஒன்றின் கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்ததில் எண்ணே தெரியவில்லை. இன்னொன்றில் ஒன்று முதல் எட்டு வரை இருந்தது. ஆறுக்கு மேலே சிவப்பு. ஆறு என்றால் அறுபது, தாண்டக் கூடாதென்று குங்குமத்தாலேயே எல்லை போட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். என்ன ஒரு முன்யோசனை என்று மெய்சிலிர்த்துப் போனேன்.

முதல் கியரிலேயே முள் ஆறை நெருங்கியது. கார் அலறியது. இரண்டாவது கியர் போட்டால் முள் சரிந்தது. அடடா, வேகம் குறைகிறதே என்று மறுபடியும் முதல் கியர். கிரிவலப் பாதைச் சாமியார்கள் மூட்டையோடு எழுந்து ஓரம் போனார்கள். ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். வாழைத்தார் ஏற்றிய குட்டியானை லோடு வண்டி ஒன்று எங்களைச் சாவகாசமாக முந்தியது.

"நாம அறுவதுல போறோம், நம்மளயே முந்துறான் பாருங்க" என்றேன். பின்சீட்டில் ரேவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அடி அண்ணாமலை அருகே கருகல் வாடை வந்தது. வண்டியை நிறுத்தினேன். எதிர் ஷெட்டிலிருந்து மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். "அறுவதத் தாண்டவே இல்லீங்க" என்று மீட்டரைக் காட்டினேன்.

"சார், இது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன ஆயிரம் சுத்து சுத்துதுன்னு காட்டுற மீட்டரு. செவப்பு வந்தா இன்ஜின் தாங்காதுன்னு அர்த்தம். அது கம்பெனியே போட்டது. ஸ்பீடு இங்க இருக்கு" என்று அடுத்த கண்ணாடியை விரலால் துடைத்தார்.

என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன், அதாவது நடக்காமலேயே. தலையைத் தூக்க முடியவில்லை. ரேவதியின் அப்பா மெக்கானிக்கின் குங்கும விரலைப் பார்த்தார்.

"ஸ்பீடு மீட்டர மறச்சுப் பொட்டு வெச்சது நாந்தான்" என்றார். பிறகு, "எறங்குங்க மாப்ள, டீ குடிக்கலாம்."

அந்த 'மாப்ள' என்ற சொல்லில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றைக்கும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் ரேவதி அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "முள்ளு ஆறத் தாண்டுது. கியர மாத்துங்க." போன வாரம் மாமனார் டிவி செய்தியைப் பார்த்துக் கத்தியபோது, என் ஐந்து வயது மகள் குங்குமச் சிமிழோடு போய், "தாத்தா, இதத் தாண்டாதீங்க" என்று அவர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தாள்.