ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, கிருபாசங்கர் பொத்தானை அழுத்தினான். உள்ளே விசிறிகள் சுற்றின. சிவப்பும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

கணபதி என்ற ஊரில், அவன் மாமனார் வீட்டுக் கூடத்தில் குடும்பமே நின்று அந்தக் கறுப்பைப் பார்த்தது.

"லைட்டெல்லாம் சோக்கா எரியுதுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார் சுப்பண்ணன். மாப்பிள்ளை செய்த காரியத்தில் குறை சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை.

மைத்துனன் நிதீஷ் கல்யாண வீடியோ எடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தான். எடிட் செய்ய ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. காந்திபுரத்தில் கடை வைத்திருக்கும் சஹீர் சொன்ன விலையைக் கேட்டு, கிருபாசங்கர்தான் குதித்தான். "பகல் கொள்ளைங்க இது! தனித்தனியா வாங்கி, பாதிச் செலவுல நானே பூட்டிக் குடுக்கறேன். பி.இ. படிச்சது எதுக்கு?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் மனைவி லோகப்பிரியா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெண் இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு போக அவனுக்குக் கூச்சமாக இருந்தது. உருப்படியாக ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு, கௌரவமாக ஒதுங்கிவிட வேண்டும். இந்தக் கம்ப்யூட்டர் ஓடினால் அது நடக்கும்.

வியர்க்க வியர்க்கத் தேடினான். கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டிய கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தான். மாற்றியதும் படம் வந்தது.

"சும்மா ஒரு டெஸ்ட்டுங்க," என்றான்.

"டெஸ்ட் பண்ணாம எப்படீங்க," என்றார் மாமனார்.

மாமியார் பத்மாவதி இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து, கோழிக்குழம்பு ஊற்றினார். சாப்பிட்டுவிட்டு, வேலை முடிந்தது என்ற நிம்மதியில் கிருபாசங்கர் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினான்.

சனிக்கிழமை நிதீஷ் போன் செய்தான். "மச்சான், அது எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்து திறந்து பார்த்தான். ராம் என்கிற மெமரி அட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தான்தான் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது. காது மடல் சுட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் அழுத்தினான். ஓடியது. மறுபடியும் சந்தகை.

அடுத்த சனிக்கிழமையும் போன் வந்தது. இந்த முறை உள்ளே மின்சார ஒயர் கழன்று தொங்கியது. இதையுமா சரியாகச் செருகாமல் போனோம்? அப்படி ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"எலி வேலைங்க," என்றான்.

"எலியேதானுங்க," என்றார் பத்மாவதி உடனே. "பெருசுங்க."

"நம்மூட்டுல ஏதும்மா எலி?" என்றாள் மைத்துனி ரித்திகா.

"நீ போய் வெங்காயத்தை உரி அம்மணி."

கிருபாசங்கர் பசை அட்டை வாங்கி வந்து மேஜைக்கு அடியில் வைத்தான். எலி மாட்டவில்லை. மாமனார் மாட்டினார். ஒரு காலில் அட்டையோடு சப்புச் சப்பென்று கூடத்தைக் கடந்து குளியலறைக்குப் போனார். வெகுநேரம் கழித்து, கணுக்கால் முடி பாதி போன நிலையில் திரும்பி வந்தார்.

"நல்ல பசைங்க மாப்பிள்ளை," என்றார்.

அதற்கடுத்த வாரம் ஹார்ட் டிஸ்க் வட்டு வேலை செய்யவில்லை என்றார்கள். அதன் ஒயரும் கழன்றிருந்தது. செருகினான். சரியானது. ஆனால் இப்போது அவனுக்குத் தன் கையின்மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. அரைகுறையாக விட்டால் சனிக்கிழமை மறுபடியும் போன் வரும். வேரோடு சரிசெய்து விடுவது என்று முடிவெடுத்து, வட்டை முழுக்கத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான்.

வெளியே போயிருந்த நிதீஷ் மத்தியானம் வந்தான். திரையைப் பார்த்தான். திரை புதுப்பெண் மாதிரி பளிச்சென்று இருந்தது.

"மச்சான், கோபிக்காரங்க கல்யாணத்தோட எடிட்டு இதுலதானுங்களே இருந்துச்சு?"

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

"மொத்தமுமா?" என்றான் கிருபாசங்கர்.

"எடுத்ததெல்லாம் கேமரா கார்டுல பத்திரமா இருக்குதுங்க. எடிட்டு மட்டும் மொதல்ல இருந்து பண்ணோணும்." நிதீஷ் கேமராப் பையைக் கீழே வைத்தான். "அவிங்க வேற, 'புள்ளைக்கு வளைகாப்பே வந்துருச்சு, கல்யாண வீடியோ எங்க'ன்னு கேட்டுட்டே இருக்கறாங்க. அது பரவால்லீங்க மச்சான்."

பரவாயில்லை என்ற அந்தச் சொல்தான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பான். சந்தகையை விரலால் அளைந்துகொண்டிருந்தான். பரிமாற வந்த பத்மாவதியின் கண்கள் சிவந்திருந்தன.

"வெங்காயங்க மாப்பிள்ளை," என்றார்.

இலையில் கோழிக்குழம்போடு வெங்காயமும் இருந்ததால் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு அவன் தாய் கையால் சாப்பிடுகிறோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு காந்திபுரத்துக்குப் போனான். சஹீர் கடை வாசலில் செருப்பைக் கழற்றினான். கழற்ற வேண்டிய கடை இல்லை அது.

"சார், நீங்க அன்னைக்கு..." என்று இழுத்தார் சஹீர்.

"ஆமாங்க. பகல் கொள்ளைன்னு கத்துனது நான்தானுங்க."

"இல்லீங்க, யாரோன்னு பார்த்தேன்."

"வீடியோ எடிட் பண்றாப்புல, ரெடியாப் பூட்டுனது ஒண்ணு குடுங்க. கெடவே கூடாதுங்க."

"குடுக்கலாமுங்க. மொதல்ல உக்காந்து டீ சாப்பிடுங்க."

கொள்ளைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் கம்ப்யூட்டர் ஆட்டோவில் கணபதிக்கு வந்து இறங்கியது. யாரும் கூப்பிடாமல், கோளாறு எதுவும் இல்லாமல் அவன் அங்கே வந்தது அன்றுதான். கூடத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். முதல் அழுத்திலேயே படம் வந்தது. ஒருவர் முகத்திலும் வெளிச்சம் வரவில்லை.

கிருபாசங்கர் கை கூப்பினான்.

"மாமா, அத்தை, என்னை மன்னிச்சுக்குங்க. தெரியாத வேலையில கையை வெச்சு நிதீஷ் பொழப்பைக் கெடுத்துப்போட்டேன். இது கெடாதுங்க. சுத்தியும் சீல் வெச்சிருக்கறாங்க. இனி என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

சுப்பண்ணன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இதை யாருமே தொறக்க முடியாதுங்களா மாப்பிள்ளை?"

"முடியாதுங்க மாமா."

"ஓஹோ," என்றார் அவர். குரலில் சுருதியே இல்லை.

பத்மாவதி சமையலறைக்குள் போனார். சந்தகை பிழியும் சத்தம் அன்று கேட்கவே இல்லை. நல்லது, அவர்களுக்கும் விட்டது சனி என்று எண்ணிக்கொண்டு, கிருபாசங்கர் வாசலுக்கு வந்து ஷூவை மாட்டினான். கயிற்றைக் கட்டக் கை வரவில்லை.

பின்னால் ரித்திகா வந்து நின்றாள். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மச்சான், பழசுன்னா எதையெதைப் புடுங்கலாம்னு அம்மாவுக்குக் கை பழகிப்போச்சுங்க, இந்தப் புதுசுல எதைப் புடுங்குனா அண்ணனோட எடிட்டும் அழியாம, நீங்களும் ஞாயித்துக்கெழமை வந்துருவீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."