ராஜ மரு

ஒரு காட்டில் ஒரே ஒரு சலூன் இருந்தது. நடத்தியவர் கரடி செங்கோடன். கத்தி ஒன்று, துண்டு ஒன்று, வாடிக்கையாளர் காடு முழுக்க. குரங்கு முகம் துடைத்த துண்டில் மந்திரி நரியார் துடைப்பார். குரங்கை வழித்த கத்தி அடுத்து சிங்கராஜாவின் தாடையில் ஏறும். அவ்வளவு ஒற்றுமையான காடு.

ஒருநாள் ராஜாவின் தாடையில் மிளகளவு ஒரு மரு முளைத்தது. குதிரைவால் முடியைக் கட்டினால் உதிரும் என்றார்கள். கட்டினார்கள். ஈ ஓட்டக்கூட குதிரைக்கு வால்முடி இல்லாமல் போனதுதான் மிச்சம்.

"இது தேரை தவமணியோட வேலைதான் அரசே. அவ உடம்பைப் பாருங்க, பூரா மரு!" என்றார் நரியார்.

பொழுது சாய்வதற்குள் தவமணி குளத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ராசா, குளத்துல என் பிள்ளைங்களுக்கு இன்னும் காலே முளைக்கல. எதை வச்சு நடக்கும்? இது மருவே இல்லீங்க, எங்க குலத்துக்கே தோலு இப்படித்தான்!"

பாவம், அவள் சொன்னது முழு உண்மை. அதனால் யாரும் நம்பவில்லை.

டாக்டர் நாரையைக் கூப்பிட்டார்கள்.

"தேரையால மரு வராது. மரு வர்றது வைரஸால. தோல்ல சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள போயிடும். மரு உள்ளவங்களைத் தொட்டாலும் ஒட்டும், அவங்க துண்டு, கத்தி வழியாவும் ஒட்டும். சொறிஞ்சா பக்கத்துல பரவும். பயப்படாதீங்க, பெரும்பாலும் நாளாவட்டத்துல தானா மறைஞ்சிடும்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"குரங்கு விரல்லயும் ஒண்ணு இருக்கு. சலூன் வழியா அங்கிருந்துதான் உங்களுக்கு வந்திருக்கணும்."

"குரங்குகிட்ட இருந்து, எனக்கா?" ராஜா கர்ஜித்தார்.

நரியார் முந்திக்கொண்டார். "டாக்டர் தலைகீழா சொல்றார் அரசே. தங்ககிட்ட இருந்துதான் குரங்குக்குப் போயிருக்கு. இது ராஜ மரு! இது இருக்கிறவங்கதான் இனிமே பதவிக்கு லாயக்கு."

ராஜாவுக்கு முகமெல்லாம் பல். அங்கேயே சட்டமாகிவிட்டது.

தவமணி ஒரு நொடி யோசித்தாள். காலில்லாத பிள்ளைகள் கண்முன் வந்தார்கள்.

"அப்படின்னா எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ராஜ மருதானுங்க," என்றாள்.

குளம் அவளுக்கே கிடைத்தது, கூடவே துணை மந்திரி பதவியும்.

மறுநாள் முதல் சலூனில் கூட்டம் தாங்கவில்லை. மான் வேண்டுமென்றே முள்ளில் கீறிக்கொண்டு வந்து துண்டில் புரண்டது. மரு முளைத்த வீடுகளில் விருந்து நடந்தது.

மாதங்கள் ஓடின. நாரை சொன்னபடியே ராஜாவின் மரு தானாக மறைந்தது. கண்ணாடியைப் பார்த்து அவர் வயிற்றில் அடித்துக்கொண்டார். என்ன செய்ய, சட்டம் அவர் போட்டது. மற்றவர்களிடம் ஒன்றோ இரண்டோ இருக்க, தவமணிக்கு உடம்பெல்லாம் இருந்தது. அரியணை அவளுக்குப் போனது.

மகாராணியின் முதல் உத்தரவு: ஆளுக்கொரு கத்தி, ஆளுக்கொரு துண்டு. மருவை யாரும் சொறியக் கூடாது.

கொஞ்ச காலத்தில் காட்டில் ஒருவருக்கும் மரு இல்லை. நாரை நெகிழ்ந்துபோனார். "குடிமக்கள் மேல உங்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை தாயே!"

"பின்னே, இருக்காதா டாக்டர்?" என்றாள் மகாராணி, கால் முளைத்த இளவரசர்களைத் தடவிக்கொண்டே.

நீதி: துண்டைத் தனியாக வைத்துக்கொள்பவருக்கு மரு வராது, அதைச் சட்டமாக்குபவருக்குப் போட்டியே வராது.