பட்டை போக மீதி

கடைசி வரியைக் காணவில்லை.

மகாவீர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். சுவரில் மாட்டிய திரையில், மேலே பெரிய ‘ட’ இருந்தது. அதற்குக் கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் எழுத்து வரிகளும் இருந்தன. ஆகச் சிறிய கடைசி வரி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் டாஸ்க்பார் என்னும் பட்டை காலை நீட்டிப் படுத்திருந்தது. அதன் மூலையில், முப்பத்தோரு டிகிரி, மேகமூட்டம்.

கண்ணாடிக் கடையின் இருட்டறையில், சோதனை நாற்காலியில் மேல்சித்தாமூர் குணபாலன் உட்கார்ந்திருந்தார். செஞ்சியில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருப்பவர். அதைவிட முக்கியம், மகாவீர் கட்டிக்கொள்ள ஆசைப்படும் அனந்தியின் நைனா, அதாவது அப்பா. “பையன் தொழிலை நேர்ல ஒரு தடவ பார்த்துட்டுப் பதில் சொல்றேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். பார்க்க வந்த நாளில் பார்த்துத்தானா கடைசி வரி காணாமல் போக வேண்டும்?

வந்ததும் வராததுமாக அவர் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார். “கதவு இருக்கிறதே தெரியாத மாதிரி தொடச்சி வச்சிருக்க தம்பி” என்றார். அதை ஒரு பாராட்டாகவே மகாவீர் எடுத்துக்கொண்டான்.

“ஒரு நிமிஷம்...” என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றான். ‘ஐயா’ என்றால் தூரம். ‘மாமா’ என்றால் அவசரம். இரண்டையும் விழுங்கிவிட்டு, “கடைசி வரி மறையுது” என்றான்.

“எனக்கு ஒண்ணும் மறையலியே. படிச்சுடட்டுமா?”

என்ன பெருந்தன்மை! மகாவீர் மவுஸைப் பிடித்தான். “இல்ல, இல்ல. சரி பண்ணிட்டே படிக்கலாம்.”

பக்கத்து ஸ்டூலில் மடியில் டிபன் கேரியரோடு அவர் மனைவி ருக்மணி உட்கார்ந்திருந்தாள். “சீக்கிரம் பார்த்து அனுப்புப்பா. பொழுது மலைக்குப் பின்னால எறங்கிட்டா இவரு வாயில பச்சத் தண்ணி படாது. அப்புறம் பசியில என்னைத்தான் கத்துவாரு.” இருட்டிய பின் உண்ணாத சமணக் குடும்பம்.

எழுத்துப் பலகையைத் திரையில் வரவழைக்கும் ஸ்கிரிப்ட் என்னும் குட்டி நிரலை மகாவீர் தன் கையாலேயே எழுதியிருந்தான். எழுதி முடித்த அன்றே, திரையில் வந்த பலகையைப் படம் பிடித்து அனந்திக்கு அனுப்பி, பதிலுக்கு ஒரு இதயமும் வாங்கியிருந்தான். தவறு எங்கே என்று இப்போதுதான் விளங்கியது. ஸ்கிரிப்ட் ‘உன் உயரம் என்ன’ என்று திரையைக் கேட்கிறது. திரையும் தலையிலிருந்து பாதம் வரை முழு உயரத்தையும் சொல்கிறது. பாதத்தில் பட்டை படுத்திருப்பதை அது சொல்வதில்லை, கேட்டால்தானே சொல்லும்? வீட்டுக் கணினியில் பட்டை தானாகவே ஒளிந்துகொள்ளும் என்பதால் இது தெரியாமலே போயிற்று.

ஆகவே பலகையைப் பிடித்துச் சற்று மேலே இழுத்தான். கடைசி வரி எட்டிப் பார்த்தது. ஆனால் ‘ட’ திரையின் உச்சியைத் தாண்டிப் போய்விட்டது.

“இப்ப படிக்கட்டுமா தம்பி?”

“முதல் எழுத்தே போயிடுச்சே!”

“பரவால்ல, எனக்குத் தெரியுது.”

மகாவீர் நெகிழ்ந்துபோய்ப் பட்டையைத் திரையின் இடது ஓரத்துக்கு மாற்றினான். இப்போது ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தைப் பட்டை தின்றது. தின்றதை மீட்கப் பலகையை வலப்பக்கம் தள்ளினான். தள்ளிய இடைவெளியில், பின்னால் வைத்திருந்த படம் தலைகாட்டியது. ஒரு மார்கழிக் காலையில் அவனே எடுத்த, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. பாதி மலை பனியில் கரைந்திருந்தது.

இருட்டறையில் மின்விசிறி தூக்கத்தில் பேசுவதுபோல் முனகியது. திரையின் நீல வெளிச்சத்தில் மூவரும் குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. படத்துப் பனி மெல்ல நகர்ந்தது. கோட்டைப் படியில் அனந்தி துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதி ஏறியதும் திரும்பி, ‘வரலியா?’ என்றாள். ‘ஒரு வரி பாக்கி இருக்குது, வந்துடுறேன்’ என்று சொல்லிக்கொண்டே அவனும்...

“இன்னா தம்பி, தூங்கிட்டியா?”

“இல்ல, யோசிக்கிறேன்.”

குணபாலன் கண்களை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். பஞ்ச நமஸ்காரம் சொல்கிறார் என்று மகாவீர் புரிந்துகொண்டான். நல்ல காரியத்துக்கு முடிவு சொல்லும் முன் மந்திரம் சொல்கிற மனிதர்!

பட்டையைக் கீழேயே கொண்டுவந்து, வீட்டில் செய்தது போலத் தானே ஒளியும்படி வைத்தான். ஒளிந்தது. ஆறு வரியும் பளிச்சென்று தெரிந்தன. அந்த நேரம் பார்த்து ‘டிங்’ என்றொரு சத்தம். கடைசி வரியின் மேலேயே செய்தி ஒன்று முளைத்தது.

‘அனந்தி: பாஸா?’

பக்கத்தில் சிவப்பாக இரண்டு இதயம் வேறு.

மகாவீரின் சொந்த இதயம் நின்றுவிட்டது. அனந்தியின் நைனா திரையைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார்.

“மூலையில இன்னாவோ செவப்பா மின்னுதே?”

“வெ... வெளம்பரம்.”

“ஓ, வெளம்பரமா? சரி, சரி.”

தெரிந்தும் தெரியாததுபோல் விட்டுவிட்டார்! இப்படி ஒருவருக்கு மருமகனாக இன்னும் நாலு பலகை செய்யலாம். இனி ஒட்டுப்போடுவது இல்லை என்று மகாவீர் முடிவு செய்தான். செய்தி வரும் வழியை முதலில் அடைத்தான். பிறகு ஸ்கிரிப்டையே திறந்தான்.

“இன்னுமா?” என்றார் குணபாலன். குரலில் ஏதோ தவிப்பு. “தம்பி, வச்சிக்கினு இருந்தா மறந்து... நேரமாவுது. எதுக்குப்பா இவ்ளோ சிரமம்?”

“உங்களுக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?”

முழுத் திரை எவ்வளவு என்று கேட்ட வரியை அழித்தான். பட்டை போக மீதி எவ்வளவு என்று கேட்கும் வரியை எழுதினான். பட்டை எந்த ஓரத்தில் படுத்திருந்தாலும், மிச்சமிருக்கும் இடத்தின் அளவு கிடைத்துவிடும். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். கையோடு கையாக, தொழில் சுத்தம் தெரியட்டும் என்று இன்னொரு வேலையும் செய்தான்: ஒவ்வொரு முறையும் எழுத்துகள் இடம் மாறி வரும்படி வைத்தான். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரே பார்த்து வியக்கட்டுமே.

திரை ஒருமுறை இருண்டு மலர்ந்தது. ஆறு வரியும் மீதியிடத்தில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தன. கீழே பட்டை, ஏரிக்கரைபோல அமைதியாகக் கிடந்தது. மகாவீருக்குக் கோட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது.

“இப்ப படிங்க. கடைசி வரி.”

குணபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்தார். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக, “க, ப, ட, ம, ய, ர!” என்று முழங்கினார்.

மகாவீர் திரையைப் பார்த்தான். ‘ர, ய, க, ட, ப, ம’ என்று இருந்தது.

“இன்னா தம்பி, சரிதானே?”

அவர் சொன்னது பழைய வரிசை. அப்படியென்றால் அவர் பக்கம் இன்னும் பழைய பலகைதான் தெரிகிறதா? ஒரே திரை இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரியுமா?

“மன்னிச்சுடுங்க. ஸ்கிரிப்ட்ல இன்னும் ஏதோ கோளாறு. உங்க மேல தப்பே இல்ல” என்று விசைப்பலகையை நோக்கி ஓடினான்.

குணபாலன் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

ருக்மணி பெருமூச்சு விட்டாள். கேரியரைத் திறந்து, மூடியைக் கவிழ்த்துப் புருஷனுக்கு இட்லி எடுத்து வைத்தாள்.

“அந்தப் பொட்டிய விடுங்க மாப்ள, ‘மாப்ள முன்னாடி ஃபெயிலாயிடக் கூடாது’ன்னு, நீங்க அனந்திக்கு அனுப்புன படத்த வச்சி ஒரு வாரமா அவகிட்ட கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கினு வந்தாரு.”