நலமா என்று கேட்டவர்

"நல்லாத்தான் இருக்கேன்பா. அரை மணிக்கு ஒரு தடவை கேட்டா நான் எப்ப தூங்குறது? இனிமே போன் பண்ணாதீங்க. ஏதாவதுன்னா சொல்லி அனுப்புறேன்" என்று நிறைமாத மகள் போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளருக்கு முகம் வாடிவிட்டது. இந்த வாரம் என்றைக்கு வேண்டுமானாலும் அவள் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் பிரசவத்துக்கு வருவாள். வரும் நேரம் பார்த்து 'சிஸ்டம் படுத்துடுச்சு' என்று கவுன்ட்டரில் சொல்லிவிடக் கூடாது. மனிதருக்கு அது ஒன்றுதான் கவலை.

மென்பொருள் கம்பெனியின் எச்சரிக்கைக் கடிதமும் இன்று காலையிலேயே வந்து தொலைத்தது. அவரிடம் இருந்தது ஒரே பெரிய மெஷின். அதற்குள் ஒரு மென்பொருள் சுவர் எழுப்பிப் பன்னிரண்டு மெஷின்களாக்கியிருந்தது. பதிவு, மருந்தகம், லேப் எல்லாம் ஒரே வீட்டில் தனித்தனிக் குடித்தனம். அந்த மென்பொருளில் ஓட்டையாம். ஏதாவது ஒரு குடித்தனம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால், பதில் சொல்லியே மொத்த வீடும் முடங்கிவிடுமாம். ஓட்டையை அடைக்கிற பேட்ச் சாயங்காலம்தான் வரும்.

"அதுவரைக்கும் எதையும் தொடாம இருந்தாலே போதும் சார்" என்றாள் அவருக்கு உதவியாக வேலை பார்க்கும் எதிர் நாற்காலிக்காரி.

சும்மா இருக்கிற ஆளா அவர்? பன்னிரண்டு குடித்தனத்திலும் ஒரு குட்டி புரோகிராமை உட்காரவைத்தார். நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்த்து 'நலமா?' என்று கேட்பதுதான் அதற்கு வேலை.

பத்து மணிக்கு லேப் இழுக்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, எவனோ அந்த ஓட்டையில கைய வச்சுட்டான்" என்றார் அவர்.

இன்னும் உஷாராக இருக்க, பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்கவைத்தார். மருந்தகம் திணறியது. விநாடிக்கு ஒருமுறை என்று மாற்றினார். பதிவுக் கவுன்ட்டர் அப்படியே நின்றுவிட்டது.

இந்த அமளியிலும் மகள் பேச்சை மீறவில்லை. அவளைக் கூப்பிடாமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். பிஸி. மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் பிஸி. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு எதிர் நாற்காலிக்காரி தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "ஆளைப் பிடிச்சுட்டேன் சார். அத்தனை கேள்வியும் உங்க புரோகிராம்தான் கேட்டிருக்கு."

அக்கறையாகக் கேட்டாலும் பதில் சொல்கிறவருக்கு அது ஒரு வேலைதானே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவம், காலையில் பிள்ளை எவ்வளவு அலுத்துப்போய்ச் சொன்னாள். புரோகிராமை நிறுத்தினார். மெஷின் மூச்சு விட்டு எழுந்தது. கை மட்டும் பழக்கதோஷத்தில் மாப்பிள்ளையின் எண்ணை இன்னொரு தடவை அழுத்தியது. பிஸி.

கதவைத் திறந்துகொண்டு பதிவுக் கவுன்ட்டர் அம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"உங்களுக்குப் பேத்தி பொறந்து அரை மணி நேரமாச்சு சார். சிஸ்டம் நின்னுபோனதால காகிதத்துலதான் பேரெழுதி உள்ள அனுப்பினோம். உங்க மாப்பிள்ளை பிரசவ வார்டு வாசல்ல நின்னு உங்களுக்குத்தான் போன் போட்டுட்டே இருக்காரு, லைனே கிடைக்கலையாம். நீங்க யார்கூட சார் இவ்வளவு நேரமா பேசிட்டிருக்கீங்க?"